என்1 பாஸ், ஆனால் ஃபோன் அடித்தால் பயம்: 'சரளம்' என்று எப்போது சொல்லிக்கொள்ளலாம்?

பாதிக்கிணறு எழுதியது:

வணக்கம். டோக்கியோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. போன டிசம்பரில் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 எழுதினேன், ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. 180க்கு 112. தேர்ச்சிக்கு 100 போதும், ஆக பாஸ். தினசரிப் பயன்பாட்டுக் காஞ்சி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) என்று அரசாங்கம் 2136 எழுத்துகளுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறதே, அதில் முக்கால்வாசியை ரயிலில் நின்றுகொண்டே படித்தவன் நான். வீட்டில் கேக் எல்லாம் வெட்டினோம்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அலுவலகத்தில் ஃபோன் அடித்தது. சுற்றி யாரும் இல்லை, நான்தான் எடுத்தேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எங்கள் மேலாளரைக் கேட்டார்கள். நான் அவர் பெயரோடு 'சான்' சேர்த்து, 'இமாசென்', இல்லை என்று சொல்லிவிட்டேன். வெளியாளிடம் பேசும்போது நம் மேலாளர் நம் வீட்டு ஆள், அவர் பெயருக்குப் பின்னால் மரியாதை விகுதி வரக்கூடாது. 'செகி ஒ ஹஸுஷிதெ ஓரிமாஸ்', இருக்கையில் இல்லை என்று பணிவு வினையில் சொல்லியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றாக வந்திருந்தால் தூக்கத்திலும் குறித்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்த பக்கத்து இருக்கைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஃபோன் அடித்தால் எனக்கு முன்னால் பாய்ந்து எடுத்துவிடுகிறார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டம். எங்கள் யோசனையைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர் 'கெந்தோ ஷிமாஸ்', பரிசீலிக்கிறோம் என்றார். நான் எங்கள் அணிக்கு வந்து 'நல்ல செய்தி, பரிசீலிக்கிறார்களாம்' என்றேன். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நோட்டை மூடினார்கள். அந்த யோசனை அன்றோடு போயிற்று.

மூன்றாவது வீட்டில். என் மகளுக்கு நான்கு வயது, இங்கேயே குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறாள். மிட்டாய் கேட்டாள். 'அமெ' தீர்ந்துவிட்டது என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். 'அப்பா மழை தீர்ந்துபோச்சுன்னு சொல்றாங்க' என்று அம்மாவிடம் ஓடுகிறாள். தொடக்கத்தில் ஏற்றிச் சொன்னால் மழை, தாழ்வாகத் தொடங்கி ஏறினால் மிட்டாய். என்1-இல் இதற்கு மார்க் கிடையாது.

இப்போது கேள்வி. வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் ஜப்பானிய மொழிக்கு மூன்று பெட்டிகள்: அன்றாட உரையாடல், அலுவல் நிலை, தாய்மொழி நிலை. முதல் பெட்டியைக் குறிக்கத் தன்மானம் விடவில்லை. நடுப்பெட்டியைக் குறிக்க மனசாட்சி விடவில்லை. ஒருவர் எப்போதுதான் 'எனக்குச் சரளமாக வரும்' என்று கூசாமல் சொல்லலாம்? நீங்கள் எப்போது சொன்னீர்கள்?

---

ஒற்றைவரி எழுதியது:

பெயருக்கு மாறாக இரண்டு பத்தி எழுதுகிறேன்.

அந்தத் தேர்வில் நீங்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினீர்களா? கையால் ஒரு எழுத்து எழுதினீர்களா? வட்டத்தைக் கருப்பாக்கினீர்கள், அவ்வளவுதான். 1984-இல் தொடங்கியதிலிருந்தே அது அப்படி. 2010-இல் நான்கு நிலைகளை ஐந்தாக்கினார்கள், அப்போதும் பேச்சைச் சேர்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காயை அரிந்து வைத்துவிட்டுக் கறி ஏன் வேகவில்லை என்று கேட்கிறீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்றுத்தர 2200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு, நமக்குக் குறையலாம். ஆனால் அது ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து பேசவைக்கும் மணி. உங்கள் நான்கு வருடத்தில் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசிய மணி எத்தனை, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஃபோன் பயத்துக்கு ஒரு வழி. வீட்டில் ஆள் இல்லாதபோது பார்சல் வந்தால் கதவில் ஒரு சீட்டு விட்டுப்போவார்கள். இணையத்தில் மறு விநியோகம் பதிவு செய்யாதீர்கள். சீட்டில் ஓட்டுநரின் நேரடி எண் இருக்கும், அதற்கு அடியுங்கள். அவர் வண்டியில் இருப்பார், அவசரத்தில் இருப்பார், உங்கள் இலக்கணத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, எத்தனை மணிக்கு வரட்டும் என்பது மட்டும்தான் வேண்டும். இருபது பார்சலுக்குப் பிறகு அலுவலக ஃபோன் அவ்வளவு பெரிய பூதமாகத் தெரியாது.

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நான் கிஃபு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, இது ஏழாவது வருடம். இரவுப் பணி முடித்து வந்து எழுதுகிறேன், நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வரும்போது கையில் இருந்தது என்4. என்1 இரண்டு தடவை எழுதினேன், இரண்டிலும் ஃபெயில். இரண்டாவது தடவை மொத்தம் 103. ஆனால் வாசிப்பில் 18. ஒவ்வொரு பகுதியிலும் 19 வேண்டும், இல்லையென்றால் மொத்தத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். ஒரே ஒரு மார்க். அன்றைக்கு அழுததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த நேரத்தில் பராமரிப்புப் பணியாளர் தேசியத் தேர்வுக்குப் படித்தேன், 125 கேள்வி, ஜனவரியில் வரும். அது கிடைத்துவிட்டது. ஆகவே என்னுடையது படுக்கைப்புண், புரையேறுதல், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் காஞ்சி தெரிந்த, ஆனால் செய்தித்தாள் தலையங்கம் புரியாத ஜப்பானியம்.

வந்த புதிதில் ஒரு பாட்டி இருந்தார், தொண்ணூறு தாண்டியவர். காலையில் எழுப்பி உட்கார வைத்தால் 'எராய், எராய்' என்பார். பாடப்புத்தகத்தில் எராய் என்றால் மெச்சத்தக்க, பெரிய ஆள். குழந்தை தட்டைக் காலி செய்தால் 'எராய் நே' என்பார்கள். சரி, பாட்டி நம்மைத்தான் மெச்சுகிறார் என்று தினமும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். பத்து நாள் இருக்கும். ஒரு நாள் மூத்த பணியாளர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஓடிவந்து பாட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கத்துப் பேச்சில் எராய் என்றால் 'உடம்பு முடியவில்லை'. பத்து நாளாக ஒரு மனுஷி முடியவில்லை, முடியவில்லை என்கிறார், நான் நன்றி, நன்றி என்கிறேன். நல்லவேளை, காய்ச்சல் இல்லை, வயதின் அசதிதான். ஆனால் இன்றைக்கும் யாராவது என்னை உண்மையாகவே எராய் என்று பாராட்டினால் எனக்கு முதலில் அவர்கள் உடம்புதான் கவலையாகிறது. ஹொக்கைடோவில் இதே களைப்பை 'கொவாய்' என்பார்கள், பாடப்புத்தகத்தில் அது 'பயமாயிருக்கிறது'. ஆக பயந்தவர்களிடம் 'பயப்படாதீங்க' என்று சொல்லுமுன் ஊரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வலி. பணி மாறும்போது அடுத்த ஆளிடம் நிலைமையை ஒப்படைத்துப் பேசுவோம், 'மோஷிஒகுரி' என்று பெயர். அங்கே 'இன்னாருக்குக் கால் வலிக்கிறதாம்' என்று சொன்னால் செவிலியர் விடமாட்டார். எப்படி வலி? ஸுகிஸுகியா, ச்சிகுச்சிகுவா? முதல் மாதம் முழுக்க முழித்தேன். பிறகு ஒரு நாள் பொறி தட்டியது, இது பள்ளியில் படித்த இரட்டைக்கிளவி அல்லவா! ஸுகிஸுகி நம்முடைய விண்விண். ச்சிகுச்சிகு சுருக்சுருக். ஹிரிஹிரி என்றால் தோல் காந்துகிறது. தலை கன்கன் என்றால் மண்டைக்குள் சம்மட்டி. நம் பாட்டிகளும் மருத்துவரிடம் போய் 'வலிக்குது' என்று ஒற்றை வார்த்தையா சொல்வார்கள்? விண்விண்ணுன்னு தெறிக்குது, கடுகடுன்னு இழுக்குது என்றுதானே சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நமக்கு மற்ற நாட்டுக்காரர்களைவிடப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் எனக்குத் தமிழில் ஜோடி கிடைக்கவில்லை. 'ஷிகுஷிகு'. அடிவயிற்றில் மந்தமாக, விட்டுவிட்டு, அழுதுகொண்டிருக்கிற மாதிரி ஒரு வலி (விசும்பி அழுவதற்கும் இதே சொல்). ஜோடி கிடைக்காததால் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். ஐந்தாவது வருடம் ஒரு விடுமுறை நாள், அறையில் தனியாகப் படுத்திருக்கிறேன், வயிறு சரியில்லை. 'ஷிகுஷிகு சுரு நா' என்று வாய் முணுமுணுத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. யாருக்காகவும் பேசவில்லை. நீங்கள் கேட்ட 'எப்போது' என்பதற்கு ஒரு நாளைக் காட்டச் சொன்னால் நான் அந்த நாளைத்தான் காட்டுவேன்.

இல்லை, இன்னொரு நாளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறதி நோய் உள்ளவர்கள் பலருக்குப் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தோன்றிவிடும். எங்கள் தளத்தில் ஒரு அம்மா. சாயங்காலம் ஐந்து மணியானால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலருகே வந்து உட்கார்ந்து, 'மிகவும் உபசரித்தீர்கள், நான் கிளம்புகிறேன்' என்று முழு மரியாதை நடையில் விடைபெறுவார். முதல் வருடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இதுதான் உங்கள் வீடு.' இலக்கணம் சுத்தம். உச்சரிப்பும் பரவாயில்லை. அந்த அம்மா அழுதார். அடுத்த வருடம் 'தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன், மற்றவர்கள் சொல்வதைப் பார்த்து. அது கொஞ்சம் தாங்கும், அரைமணி நேரம்.

ஒரு மழை நாள். அவர் கைப்பையோடு வந்துவிட்டார், தேநீரும் ஆகிவிட்டது. நான் வேறு ஒருவருக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, 'மோ ஒசோய் தெஸ் கரா, கியோ வா தொமத்தெ இத்தெ குதசாய்' என்று வாயிலிருந்து வந்தது. நேரமாகிவிட்டதே, இன்றைக்குத் தங்கிவிட்டுப் போங்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே தெரிந்தது. விருந்தாளியாக விடைபெற்றவரிடம் வீட்டுக்காரியாகப் பேசியிருக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்படியானால் உங்கள் அன்பைப் பயன்படுத்திக்கொள்கிறேன்' என்று கைப்பையைப் பக்கத்தில் வைத்தார். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், 'தங்கிட்டுப் போங்க'. 'தொமத்தெ இத்தெ', தங்கி-விட்டு-போ. நம் வீட்டில் மழை நாளில் வந்தவரிடம் அம்மா சொல்வது அப்படியே வேறு ஒலியில் வந்திருக்கிறது. நான் அதை எங்கும் படிக்கவில்லை.

உங்கள் ஃபோன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்று சொல்லுங்கள், எதிர்முனையில் பேசும்போது நீங்கள் உம் கொட்டுகிறீர்களா? பேசாமல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், படித்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இங்கே அது ஆள் இல்லாத மாதிரி. நான்கு நொடிக்கு ஒரு 'ஹை' (ஆமாம்), ஒரு 'ஏ' (ம்), ஒரு 'நருஹொதோ' (அப்படியா) விழவில்லையென்றால் 'மொஷிமொஷி?', ஹலோ, இருக்கிறீர்களா என்று கேட்டுவிடுவார்கள். நமக்கு இது புதிதா என்ன, பாட்டி கதை சொன்னால் உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடுமே. அதே உம்தான். முதலில் அதை வாய்க்குப் பழக்குங்கள், உங்கள் வாக்கியத்தை யோசிக்க நேரமும் கிடைக்கும்.

மற்றபடி என்னைச் சரளம் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கிக்குப் போனால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நான் சரளமாக இருப்பது எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில்.

---

உதுதான் எழுதியது:

அக்காவின் பதிலுக்குப் பிறகு எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் யாழ்ப்பாணத்தான், ஒசாக்காவில் மொழிபெயர்ப்பு வேலை. அண்ணைக்கு வேறு ஒரு கோணம்.

எனக்கு ஜப்பானியம் முதல் வருடம் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. கொரே, சொரே, அரே, தொரே என்று ஆசிரியை எழுதியபோது வகுப்பில் எல்லோரும் அந்த நடுவில் உள்ள 'சொரே'யில் திணறினார்கள். கேட்பவருக்குப் பக்கத்தில் உள்ள பொருளுக்குத் தனிச்சொல்லாம். எங்கள் வீட்டில் இது, உது, அது, எது நான்கும் தினமும் புழங்குகிறது, எனக்கு அதில் படிக்க ஒன்றுமே இருக்கவில்லை. (என் பெயர்க்காரணம் உதுதான்.) அப்புறம் 'தபெதெ மிரு', சாப்பிட்டுப் பார். 'கைதெ ஒகு', எழுதி வை. 'வசுரெதெ ஷிமத்த', மறந்து விட்டேன். சொல்லுக்குச் சொல் உட்காருகிறது. ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு என்றே நிறைய எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவனுக்கு லாபம்.

ஆனால் இந்த லாபமே பிறகு என்னைக் கெடுத்தது. நான் மூன்று வருடம் ஜப்பானியச் சொற்களில் தமிழ் பேசிக்கொண்டிருந்தேன், அது ஜப்பானியம் இல்லை என்று தெரியாமலே.

உதாரணம். 'அமெ நி ஃபுராரெத.' வார்த்தைக்கு வார்த்தை: மழையால் பெய்யப்பட்டேன். தமிழில் கேட்டால் சிரிப்பு வரும். இலக்கணப் புத்தகத்தில் 'துன்பச் செயப்பாட்டுவினை' என்று ஒரு பாடம், அதைப் படித்தேன், பரீட்சையில் சரியாகப் போட்டேன், வாயில் மட்டும் ஒருநாளும் வரவில்லை. மழை பெய்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இலக்கணப்படி சரி. ஆனால் கேட்பவருக்கு அது வானிலை அறிக்கை, என் சட்டை நனைந்த கடுப்பு அதில் இல்லை. பல மாதம் கழித்துத்தான் உறைத்தது: நாங்கள் இதை வேறு ஒரு சின்னச் சொல்லால் செய்கிறோம். 'மழை வந்து தொலைத்தது.' 'அவன் வேறு வந்து தொலைத்தான்.' அந்தத் 'தொலை'யில் இருக்கிற எரிச்சலை ஜப்பானியர் செயப்பாட்டுவினையில் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தமிழில் தொலைக்கத் தோன்றுகிற இடத்திலெல்லாம் 'ஃபுராரெத' மாதிரி வடிவம் தானாக வருகிறது. குழந்தை இரவெல்லாம் அழுது தொலைத்ததா, 'நகாரெத'. வடிவம் பார்த்து ஜோடி சேர்க்கக்கூடாது, மனநிலை பார்த்துச் சேர்க்கவேண்டும்.

தருவதும் கொடுப்பதும் அப்படித்தான். தன்மை, முன்னிலைக்குத் தருதல், படர்க்கைக்குக் கொடுத்தல் என்று தொல்காப்பியம் பிரித்திருக்கிறது. நாங்கள் பேச்சில் பெரிதும் கலந்துவிட்டோம். ஏறக்குறைய அதே வேலியை இவர்கள் 'குரெரு', 'அகெரு' என்று இன்றும் விடாமல் காக்கிறார்கள்.

ஒலி விஷயத்தில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. நல்லது, குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே உண்டு. அத்தையையும் பாட்டியையும், ஒபசன், ஒபாசன், நாம் ஒருபோதும் குழப்பமாட்டோம். ஆனால் ஒற்றுக்கு நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. 'கித்தெ' என்று நான் சொன்ன தபால்தலை பல நாள் அவர்கள் காதில் 'கிதெ' என்றே விழுந்தது. இப்போது விரலால் தொடையில் தட்டிக்கொண்டு நிறுத்துகிறேன்.

கெட்டது, நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒலிப்பு வேறுபாடு கிடையாது. என் முதல் வேலை நேர்காணலில் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்கள். 'டைகக்கு' என்று அழுத்தவேண்டிய இடத்தில் 'தைகக்கு' என்றேன். முதலாவது பல்கலைக்கழகம். இரண்டாவது படிப்பைப் பாதியில் விட்டு விலகுவது. எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு மிடுக்காக 'நின்றுவிட்டேன்' என்று மூன்று தடவை சொன்னவன் நான். கேட்டவர் மிகவும் அன்பான முகத்தோடு 'கஷ்டமாக இருந்திருக்கும்' என்றார். அந்த அன்பு ஏன் என்று ரயிலில் வரும்போது புரிந்தது.

சரளத்துக்கு இவர்கள் சாதாரணமாகச் சொல்வது 'பெராபெரா'. மெல்லிசாக, கனமில்லாமல் ஆடுகிற தாளுக்கும் துணிக்கும் அதே சொல். யாராவது என்னைப் பெராபெரா என்றால் நான் நன்றி சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவேன்.

---

பாதிக்கிணறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் 18 மார்க்கைப் படித்ததும் என் 112-ஐ இங்கே எழுதியிருக்கவேண்டாம் என்று தோன்றிவிட்டது.

ஒற்றைவரி சொன்னபடி மணிக்கணக்கு எழுதிப் பார்த்தேன். கடையில் பை வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் சேர்த்தும் வாரத்துக்கு இரண்டு மணி தாண்டவில்லை. எங்கள் அணியில் வேலை நடப்பது செய்திப் பெட்டியில். எழுத்தில் நான் புலி, எனக்கே தெரியாமல் ஊமைப் புலி.

உம் கொட்டும் விஷயம் முற்றிலும் உண்மை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன், எதிர்முனையில் உடனே 'மொஷிமொஷி' வரும், அதோடு எனக்குக் கைகால் உதறும். இதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. நேற்று பார்சல் ஓட்டுநருக்கு அடித்தேன். அவர் சொன்னதில் பாதி காற்றுச் சத்தம். 'ஹை, ஹை, ஏ' என்று கொட்டிக்கொண்டே இருந்தேன். ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வருகிறேன் என்றார், வந்தார். ஆனால் இன்னொரு பார்சல் பற்றியும் ஏதோ கேட்டிருக்கிறார் போல, அதற்கும் ஹை சொல்லியிருக்கிறேன், அது இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பக்கத்து இருக்கைக்காரரிடம் இன்று காலையில் நேரடியாகக் கேட்டேன், வாரத்துக்கு ஐந்து ஃபோனை எனக்கு விட்டுக்கொடுங்கள், தப்பாகப் பேசினால் வைத்த பிறகு சொல்லுங்கள் என்று. அவர் முகம் சிவந்துவிட்டது. உங்களுக்குச் சிரமம் என்று நினைத்துத்தான் எடுத்தேன், மன்னிக்கவேண்டும் என்கிறார். இத்தனை நாள் நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் நடுப்பெட்டியைக் குறித்துவிட்டேன். கீழே குறிப்புக்கு இடம் இருந்தது, அதில் 'தென்வா தைஓ வா பென்கியோசூ தெஸ்', தொலைபேசியில் பேச இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். உண்மையை எழுதியாயிற்று, நாளைக்கு அனுப்பப்போகிறேன்.

---

இரவுப்பணி எழுதியது:

அந்தப் பார்சல் ஓட்டுநருக்கு மறுபடியும் அடியுங்கள். என்ன கேட்டீர்கள் என்று கேளுங்கள். பழகிய குரல், இந்தத் தடவை பாதிக்குமேல் புரியும்.

---

ஒற்றைவரி எழுதியது:

'தைஓ' இல்லை, 'ஓதை'. எடுத்துப் பேசும் முறைக்கு ஓதை. தைஓ என்றால் வந்த பிரச்சினையைத் தீர்த்துவைப்பது வரைக்கும் போகும், பலரும் இரண்டையும் மாற்றிப் போடுகிறார்கள். அனுப்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

---

பாதிக்கிணறு எழுதியது:

மாற்றிவிட்டேன்.